ஊருக்கு எழுதிய கல்லை ஊரிடமிருந்து மறைப்பதா?

2018ஆம் ஆண்டு பெங்களூரு நகரின் வடபகுதியான ஹெப்பாளில், வடிகால் வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது ஒரு வீரக்கல் வெளிப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் ஆண்ட காலத்தில், பொ.ஆ. 750ஐ ஒட்டி எழுப்பப்பட்ட கல் அது. ரட்டர் படை வந்து தாக்கியபோது எதிர்த்து நின்று உயிர்விட்ட கிட்டய்யன் என்பவனுக்காக ஊரார் நட்டது. பெங்களூரு நகர எல்லைக்குள் கிடைத்த கன்னடக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாக அது இன்று கருதப்படுகிறது. கல்வெட்டுகளைத் தேடித் திரிந்த தன்னார்வலர்களின் கண்ணில் அது பட்டது. அவர்கள் கண்ணில் படாமல் போயிருந்தால் அது அந்த வடிகாலுக்கே மூடுகல்லாக ஆகியிருக்கக்கூடும். அவர்கள் ஊராரிடம் சென்று, அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துச் சொன்னார்கள். பின்னர் பொதுமக்களின் கொடையில் அந்தக் கல்லுக்கு ஒரு மண்டபம் எழுந்தது.

இந்நிகழ்வைப் பாராட்டி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அது எழுப்பும் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்ள மாநிலத்தின் தொல்லியல் நிறுவனங்களோ, பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளோ முன்வரவில்லை. அந்தக் கல்லைக் காத்தது எது? சட்டமா, வேலியா, அறிவிப்புப் பலகையா? மூன்றும் அங்கே இல்லை. அதைக் காத்தது அறிவு. கல்லின் வாசகம் இன்னது என்று அதன் அருகில் வாழ்பவர்களுக்குத் தெரிந்த கணத்தில் அது பாதுகாக்கப்பட்டது. அப்படியானால், அந்த அறிவைத் தம் அலமாரிகளில் பூட்டி வைத்துக்கொண்டு, "பாதுகாக்கிறோம்" என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்மையில் எதைப் பாதுகாக்கின்றன?

கர்நாடகத்தின் உள்ளூர் வரலாறு இன்று இந்தக் கேள்வியில்தான் சிக்கியிருக்கிறது. இக்கட்டுரை அந்த மாநிலத்தைப் பற்றியதே. ஆயினும் இதே நோய் இந்தியாவின் எல்லா மாநிலங்களிலும் வெவ்வேறு அளவில் பரவியிருக்கிறது என்பதை எத்துறை ஆய்வாளரும் அறிவர்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. கல்வெட்டு என்பது இரகசிய ஆவணம் அன்று. அது ஒரு வெளியீடு. ஓலையிலோ செப்பேட்டிலோ எழுதிப் பேழைக்குள் வைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் கோயில் சுவரிலும், ஏரிக்கரையிலும், ஊர் நடுவிலும், நாற்சந்தியிலும் கல்லில் வெட்டி நிறுத்தியதற்கு ஒரே காரணம், அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதே. இந்த நிலம் இன்னாருக்குக் கொடுக்கப்பட்டது, இந்த ஏரியின் வருவாய் இந்த ஏரிக்கே செல்ல வேண்டும், இந்த வீரன் இந்த ஊருக்காக இறந்தான் என்று ஊரறியச் சொல்வதே அதன் வேலை. மேலே கதிரவனையும் நிலவையும் செதுக்கியது, அவை உள்ளவரை இந்தச் சொல் நிற்கட்டும் என்பதற்காக. கீழே, இந்தத் தருமத்தை அழிப்பவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்ற வகையில் சாபம் எழுதியது, படிக்கிற ஒவ்வொருவரையும் அதன் காவலராக்குவதற்காக. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாதுகாப்பு பற்றி யோசித்தவர்கள் கண்ட வழி இது. ஊரைக் காவலுக்கு வைப்பதே அந்த வழி.

இன்று நடப்பது அதற்கு நேர்மாறானது. ஊருக்காக எழுதப்பட்டதன் படி ஊருக்குக் கிடைக்காது. ஆய்வாளருக்குக் கிடைக்க வேண்டுமானால் கடிதம் வேண்டும், கடிதத்துக்கு நெறியாளர் கையொப்பம் வேண்டும், கையொப்பத்தின் மேல் அனுமதி வேண்டும், அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக அடையாள அட்டை இல்லாத ஓர் ஊர்ப் பள்ளி ஆசிரியர், தம் ஊர்க் கோயிலின் அதிட்டானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய விரும்பினால் அவருக்கு எந்த வாயிலும் திறப்பதில்லை.

இந்நிலை எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. 1837இல் பெங்களூரில் பிறந்து, மைசூர் அரசின் கல்வித்துறையில் பணியாற்றிய பெஞ்சமின் லூயி ரைஸ் என்பவரின் உழைப்பை இங்கே நினைவுகூர வேண்டும். 1865இல் மேஜர் டிக்ஸன் என்பவர் எடுத்த கல்வெட்டு ஒளிப்படங்களில் தொடங்கிய ரைஸின் ஆர்வம், 1879இல் 'மைசூர் இன்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற நூலாக வந்தது. பின்னர் 1886இல் குடகுக் கல்வெட்டுகளோடு தொடங்கி, 1905 வரையிலான காலத்தில் 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையின் பன்னிரண்டு தொகுதிகளை அவர் வெளியிட்டார். ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகள் அவற்றில் இடம்பெற்றன. மாவட்டம், வட்டம், ஊர் என்று இடம் சொல்லி, மூலமும் மொழிபெயர்ப்பும் தந்து அச்சிட்ட தொகுதிகள் அவை. அவருக்குப் பின் துறையின் பொறுப்பேற்ற ஆர். நரசிம்மாச்சார் அப்பணியைத் தொடர்ந்தார். காலனிய அரசின் நோக்கங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். வாசிப்பில் ரைஸ் செய்த பிழைகளைப் பட்டியலிடலாம். பிற்கால அறிஞர்கள் அதைச் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அவர் செய்த ஒரு செயல் பிழையற்றது. கண்டதை அச்சிட்டார்.

அதன் பயன் என்ன என்பதை இன்றைய பெங்களூரு சொல்கிறது. கடந்த நூறாண்டில் அந்நகரம் தன் சுற்றுவட்டார ஊர்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. அவ்வூர்களில் ரைஸ் கண்ட கற்கள் பல இன்று இல்லை. சாலையின் அடியிலும் அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்திலும் அவை புதைந்தன. சில உடைந்து கருங்கல் சல்லியாகின. கல் போனது, எனினும் அது சொன்ன செய்தி போகவில்லை, ஏனெனில் அது அச்சில் ஏறி ஊர் உலகெங்கும் சென்றுவிட்டது. இன்று தன்னார்வலர்கள் எஞ்சிய கற்களைத் தேடிப் புறப்படும்போது கையில் வைத்திருக்கும் வரைபடமும் ரைஸின் அந்தப் பழைய தொகுதிதான். 1909இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்னும் அமைப்பு இப்போது பெங்களூருப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் வருடி எண்மப்படுத்தி வருகிறதே, அந்தப் பணிக்கும் அடித்தளம் அதுவே. பகிர்ந்தது பிழைத்தது. பகிராதது என்ன ஆயிற்று என்று சொல்வதற்குக்கூட ஆவணம் இல்லை.

மறைத்து வைப்பதால் விளையும் இன்னொரு தீங்கு, பொய்க்கதைகள் அரியணை ஏறுவது. பெங்களூருக்குப் பெயர் வந்த கதையை அந்நகரின் பள்ளிக் குழந்தைகள் எல்லோரும் அறிவர். ஹொய்சள மன்னன் வீரபல்லாளன் வேட்டையில் வழிதவறிப் பசியோடு அலைந்தபோது ஒரு கிழவி அவித்த அவரையைத் தந்தாளாம். அதனால் 'பெந்த காளு ஊரு' என்ற பெயர் ஏற்பட்டதாம். அழகான கதை. ஆனால் நகரின் தெற்கே உள்ள பேகூரில், பஞ்சலிங்கேசுவரர் கோயில் வளாகத்தில், பொ.ஆ. 890ஐ ஒட்டிய ஒரு வீரக்கல் நிற்கிறது. 'பெங்களூரு காளக', அதாவது பெங்களூருப் போர், என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தப் போரில் நாகத்தரன் என்னும் தலைவனின் மகன் புட்டணசெட்டி இறந்த செய்தி அதில் இருக்கிறது. இரண்டாம் வீரபல்லாளன் ஆண்டது 1173 முதல் 1220 வரை. அவன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே அந்தப் பெயர் வழக்கில் இருந்திருக்கிறது.

நூறாண்டுக்கு முன்பே படிக்கப்பட்ட கல்வெட்டு இது. ஆனாலும் அவரைக் கதை அச்சிலும் மேடையிலும் கைப்பேசியிலும் ஓடுகிறது. கல்லோ தன் இடத்தை விட்டு நகரவில்லை. "பொதுமக்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை" என்று கருத்தரங்குகளில் வருந்தும் பேராசிரியர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மக்களிடம் உணர்வு இல்லாமல் இல்லை. அவரைக் கதையை இத்தனை ஆர்வத்தோடு சுமந்தவர்கள் அவர்கள்தாமே? கையில் கிடைத்ததைச் சுமந்தார்கள். நல்ல சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொண்டு, தெருவில் விற்கும் போலிச் சரக்கைப் பழிப்பதில் பொருளில்லை.

இனி, மறைத்து வைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதற்காரணம், திருட்டும் அழிவும். இடத்தை வெளியிட்டால் புதையல் தேடுவோர் வருவார்கள், சிலை திருடுவோர் வருவார்கள் என்பது இவ்வாதம். இதில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. கல்லில் செதுக்கிய கதிரும் நிலவும் புதையலுக்கான குறி என்று நம்பி இரவில் தோண்டுபவர்கள் கர்நாடகத்தில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாததிலிருந்து வந்தது. இது ஓர் ஏரியின் மதகைப் பேணுவதற்குக் கொடுத்த நிலத்தின் ஆவணம், இதன் அடியில் மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் கடப்பாரை எழாது. கல்லின் இடம் உள்ளூர்த் திருடனுக்கு எப்போதும் தெரியும். அவனைத் தடுக்கக்கூடிய அண்டை வீட்டாருக்குத்தான் அதன் மதிப்புத் தெரிவதில்லை. எளிதில் பெயர்த்தெடுத்து விற்கக்கூடிய சிலைகளுக்கும் செப்பேடுகளுக்கும் தனிக் கவனம் வேண்டும் என்பதை ஏற்கலாம். அந்தச் சிலவற்றைக் காட்டி, பல்லாயிரம் கற்பலகைகளின் வாசகத்தை மறைப்பதை ஏற்க முடியாது.

பட்டியலில் ஏற்றி வேலி போட்டால் போதும் என்று நம்புபவர்களுக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தகவலே விடை. 2013இல் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, ஆய்வு செய்த 1,655 பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் 92ஐக் காணவில்லை என்றது. பின்னர் அவற்றுள் பல கண்டறியப்பட்டன. ஆயினும் 2022இல், நாடெங்கும் உள்ள 3,693 சின்னங்களில் 24 இருக்குமிடமே தெரியவில்லை என்று நடுவண் அரசே ஒப்புக்கொண்டது. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்யப்பட்டது. அவற்றுள் ஹரியானாவின் முஜேசரில் இருந்த கோஸ் மினார் ஒன்று. முகலாயர் கால நெடுஞ்சாலையின் தொலைவுத் தூண். ஒரு தூணையே தொலைக்க முடிகிறதென்றால், அந்தத் தூண் யாருடைய கண் முன்னால் தொலைந்தது? சட்டத்தின் கண்ணில் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். அருகில் வாழ்ந்தவர்களின் கண்ணில் பெயரற்ற செங்கல் குவியல். பட்டியல் தில்லியில் இருந்தது. பொருள் அறிந்தவர் ஊரில் இல்லை.

இரண்டாம் காரணம், பிழையான வாசிப்பு பரவும் என்பது. கல்வெட்டுகளைப் படிப்பது பயிற்சி வேண்டும் கலை. எல்லோரிடமும் கொடுத்தால் தாறுமாறாகப் படித்து வைப்பார்கள் என்கிறார்கள். இது உண்மையானால் அதற்கு மருந்து கூடுதல் வெளிச்சமே. மைப்படியின் படம் எல்லோர் முன்பும் இருந்தால் பிழையான வாசிப்பை மறுநாளே இன்னொருவர் திருத்துவார். படம் அலமாரியில் இருந்தால், அதை முதலில் பார்த்த ஒருவரின் வாசிப்பே தலைமுறைதோறும் வேதவாக்காக நிற்கும். ரைஸின் பிழைகளைப் பின்வந்தோர் திருத்த முடிந்தது எப்படி? அவர் அச்சிட்டதால்தான்.

மூன்றாம் காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் வேர் அதுவே. ஒருவர் ஒரு கல்வெட்டைக் கண்டுபிடிக்கிறார்; அல்லது ஒரு மைப்படித் தொகுப்பு ஒருவரின் பொறுப்பில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கட்டுரை, ஒரு பதவி உயர்வு, ஒரு விருது வரக்கூடும். ஆகவே அதை மற்றவர் பார்க்கக்கூடாது. கட்டுரை எழுத நேரம் கிடைப்பதில்லை. ஆண்டுகள் செல்கின்றன. பணி ஓய்வு வருகிறது. மூட்டை பரணில் ஏறுகிறது. ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கம் மட்டும் வந்து, முழு வாசகம் வெளிவராத கல்வெட்டுகள் எண்ணற்றவை. அச்சுருக்கத்தைப் படித்தவருக்கு அப்படி ஒரு கல்வெட்டு உண்டு என்பது தெரியும். அது சொல்வது என்ன என்பது தெரியாது. பொதுப்பணத்தில் படியெடுத்ததைத் தனிச்சொத்தாக்கிக் கொள்வதற்கு 'ஆய்வு நெறி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கண்டவருக்கு உரிய பெருமை கண்டிப்பாக வேண்டும்; வெளியீட்டில் அவர் பெயர் முதலில் நிற்கட்டும்; முதற்கட்டுரை எழுத ஓராண்டோ ஈராண்டோ தரலாம். அதற்கு மேல் அந்தக் கல்லைத் தடுத்து நிறுத்த யாருக்கும் உரிமையில்லை.

நான்காம் காரணம் மொழி அரசியல். கர்நாடகத்தில் இது நெருப்பு. பெங்களூரின் பழைய ஊர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் கணிசமாக உள்ளன. டொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. கோலார்ப் பகுதியில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். ரைஸின் பெங்களூர், கோலார்த் தொகுதிகளைத் திறந்தால் கன்னடமும் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வரும்.

இவற்றில் ஒன்றைப் பற்றிய செய்தி வெளிவந்தால் உடனே இரு கூட்டங்கள் புறப்படுகின்றன. தமிழ்ப் பக்கத்தில், "பெங்களூர் தமிழர் நிலம் என்பதற்கு இதோ சான்று" என்ற முழக்கம். கன்னடப் பக்கத்தில், "இது யாரோ பிற்காலத்தில் வெட்டியது" என்ற மறுப்பு. இரு கூட்டத்தாரும் கல்வெட்டைப் படித்தவர்கள் அல்லர். படித்திருந்தால், தமிழில் கொடை எழுதிய ஊர்களுக்கு அரசனாயிருந்தவன் கன்னட நாட்டு ஹொய்சளன் என்பதையும், அந்த ஹொய்சளர் குலத்து இராமநாதன் திருச்சிராப்பள்ளி அருகே கண்ணனூரில் இருந்து ஆண்டவன் என்பதையும், மொழியும் நிலமும் அக்காலத்தில் இன்றைய மாநில எல்லைக்கல்லைக் கேட்டு நடக்கவில்லை என்பதையும் அறிந்திருப்பார்கள். வணிகரும் உழவரும் வீரரும் தமக்குத் தெரிந்த மொழியில் தாம் வாழ்ந்த ஊரின் கோயிலுக்குக் கொடுத்தார்கள். அதற்குமேல் அந்தக் கல் எவருக்கும் பட்டா எழுதித் தரவில்லை.

இந்தக் கூச்சலை அதிகாரிகள் காரணமாகக் காட்டி, "இப்போதைக்கு வெளியிட வேண்டாம்" என்று ஒதுங்குவது எளிது. தமிழ் ஆர்வலர்கள் தம் முழக்கத்தால் யாருக்கு உதவுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு தமிழ்க் கல்வெட்டை ஆயுதமாக உயர்த்தினால், அடுத்த தமிழ்க் கல்வெட்டைக் காட்டும் துணிவு அந்த ஊர்க்காரருக்கு எப்படி வரும்? பெங்களூரில் உள்ள தமிழ்க் கல்லைக் காக்கப் போகிறவர் அதன் அருகில் வாழும் கன்னடர். அவரை எதிரியாக்கிவிட்டு அதைக் காக்க முடியாது.

இதே குறுகிய பார்வையை மைசூருவில் இருந்த மைப்படிகளைப் பற்றிய வழக்கிலும் காணலாம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவின் தலைமையகம் 1966 முதல் மைசூருவில் இயங்குகிறது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் மைப்படிகளும் அங்கேயே சேர்ந்திருந்தன. அவை அங்கே உரிய கவனிப்பின்றிக் கிடக்கின்றன என்ற குறை நெடுநாளாக இருந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் அது வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. கோரிக்கை நியாயமானதே. தாள் மக்கிப்போகும் பொருள். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி, மை பூசி எடுத்த படி, கல்லே அழிந்துபோன இடங்களில் கடைசிச் சாட்சி. அதை நல்ல இடத்தில் வைக்க வேண்டும்.

ஆயினும் அந்தக் கொண்டாட்டத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. மைசூருவின் பூட்டிய அலமாரியிலிருந்து சென்னையின் பூட்டிய அலமாரிக்கு மாறினால், திருவண்ணாமலைக்கு அருகே ஒரு சிற்றூரில் இருப்பவருக்கு என்ன ஆதாயம்? அவர் முன்பு மைசூருக்குக் கடிதம் எழுதினார். இனிச் சென்னைக்கு எழுதுவார். ஒவ்வொரு மைப்படியின் தெளிவான படமும் யாரும் எவரையும் கேளாமல் பார்க்கும்படி இணையத்தில் இருந்தால், தாள் எந்த ஊரில் உறங்குகிறது என்பது காப்பக அலுவலரின் கவலையாக மட்டும் எஞ்சும். தாள் எங்கே என்று இரு மாநிலங்கள் சண்டையிட்டன. தாளில் உள்ளது யாருக்கு என்று இரு மாநிலங்களும் கேட்கவில்லை.

கல்லை இடம் மாற்றுவதே கூடாது என்பது இங்கு வாதமன்று. ஹாசன் மாவட்டத்து ஹல்மிடியில் கிடைத்து, எம்.எச். கிருஷ்ணா 1936இல் வெளியிட்ட கல்வெட்டு, கன்னடத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்றாகப் போற்றப்படுவது. மூலக்கல் மைசூருவில் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வார்ப்புப் படி ஹல்மிடி ஊரில் நிறுத்தப்பட்டுள்ளது. ஊர்ப்பிள்ளைகள் தம் ஊரின் பெருமையைத் தம் ஊரிலேயே காண்கிறார்கள். புகழ்பெற்ற ஒரு கல்லுக்குச் செய்த இந்த மரியாதையை மற்ற ஊர்களின் கற்களுக்கும் செய்வதில் என்ன தடை? வார்ப்புப் படி வேண்டாம், அதற்குச் செலவாகும். ஊர்ப் பள்ளியின் சுவரில் சட்டமிட்ட ஒரு தாள் போதும். அந்தத் தாள்கூட இல்லாத ஊர்கள்தாம் மிகுதி.

இதெல்லாம் பழமையில் தோய்ந்தவர்களின் பொழுதுபோக்கு, வாழும் மக்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்கும் தென்கிழக்கும் வெள்ளத்தில் மூழ்கி, மென்பொருள் நிறுவன ஊழியர்கள் டிராக்டர்களில் ஏறி அலுவலகம் சென்ற காட்சியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் எங்கிருந்து வந்தது என்று நகரம் வியந்தது. அந்நிலத்தின் கற்களுக்கு அதில் வியப்பில்லை. அகரத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஒரு தலைவன் இரண்டு ஏரிகளுக்குத் தூம்பு அமைத்து, மூன்றாவதாக ஓர் ஏரியையும் கட்டியதைச் சொல்கிறது. கன்னடத்தில் 'தூபு' என்று வரும் அச்சொல் தமிழ் உழவரின் தூம்பே. அதற்காக அவனுக்குப் 'பிட்டுவட்டம்' கிடைத்தது. ஏரியைக் கட்டிப் பேணுபவருக்கு அந்த ஏரியின் பாசனத்தில் தரப்படும் உரிமை அது. விபூதிபுரத்துத் தமிழ்க் கல்வெட்டு, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டைத் திருத்தி ஊரும் ஏரியும் உண்டாக்கியதைச் சொல்கிறது. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும் சங்கிலியாக அந்த மேட்டுநிலத்தின் நீர் அமைப்பு இருந்தது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமானது. சங்கிலியின் கண்ணிகள் அறுந்தன.

இந்தக் கல்வெட்டுகள் அவ்வூர் மக்களின் கையில் இருந்திருந்தால் வெள்ளம் வந்திராது என்று சொல்வது மிகை. ஆனால் ஓர் ஏரிக்கரையில் வீட்டுமனை விற்க வருபவரிடம், "இது ஆயிரம் ஆண்டு ஏரி, இதோ கல்லில் எழுதியிருக்கிறது" என்று காட்ட ஊராரிடம் ஒரு சான்று இருந்திருக்கும். மனை விற்பவர் பயப்படும் சான்று அது. உள்ளூர் வரலாறு என்பது பெருமை பேசுவதற்கான ஆபரணம் மட்டும் அன்று. அது ஊராரின் கையிலுள்ள உரிமைப் பத்திரம். அதை அவர்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது யாருக்கு வசதியாகிறது என்பதைச் சிந்திப்பவர் சிந்திக்கலாம்.

ஆகவே வேண்டுவன ஐந்து. அவற்றில் ஒன்றுகூட நிறைவேற்ற இயலாதது அன்று.

ஒன்று: அரசு நிறுவனங்களிடம் உள்ள எல்லா மைப்படிகளின் படங்களும் விண்ணப்பமோ கட்டணமோ இன்றி இணையத்தில் திறக்கப்பட வேண்டும். வாசிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படம் முதலில் வரட்டும். ரைஸ் தொகுதிகள் காப்புரிமைக் காலம் கடந்தவை. அரசு வெளியீடுகளுக்கே 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுபது ஆண்டுகள்தாம் காப்பு. ஆயிரம் ஆண்டுக் கல்லுக்குக் காப்புரிமை கோருவோரை என்னவென்பது?

இரண்டு: ஒவ்வொரு கல்லின் இருப்பிடமும் அதன் ஊராட்சிக்கோ நகர வட்டத்துக்கோ எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். சாலை, வடிகால் வேலைக்கு ஒப்பந்தம் விடும் முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். ஹெப்பாளில் நடந்தது நற்பேறு. நற்பேற்றை நம்பி ஒரு துறை இயங்கக்கூடாது.

மூன்று: கல்வெட்டின் பொருளை எளிய கன்னடத்தில் ஒரு பக்கத்தில் எழுதி, அந்த ஊர்ப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கோயிலுக்கும் தர வேண்டும். தமிழ்க் கல்வெட்டானாலும் முதலில் கன்னடத்தில் தர வேண்டும். அதைக் காக்கப்போகிறவர் படிக்கும் மொழி அதுவே. கூடவே தமிழிலும் இருக்கட்டும்.

நான்கு: பொதுப்பணத்தில் கண்டறிந்ததை ஈராண்டுக்குள் வெளியிடாதவர் அதன்மீது முன்னுரிமை கோரக்கூடாது என்ற விதி எழுத்தில் வர வேண்டும்.

ஐந்து: தன்னார்வலரைத் தொல்லையாகப் பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி தரலாம், பிழையைத் திருத்தலாம். வாயிலில் நிறுத்தக்கூடாது. கடந்த சில ஆண்டுகளில் பெங்களூரின் கற்களுக்காகத் தெருத்தெருவாக நடந்தவர்களில் பலர் வரலாற்றுப் பட்டம் பெறாதவர்கள் என்பதை, பட்டம் பெற்றவர்கள் சற்றுக் கூச்சத்தோடாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவற்றைச் செய்ய இயலாது என்று சொல்பவர்களிடம் ஒரே கேள்வி. ஹெப்பாள் கிட்டய்யன் இறந்தபோது அவனுக்குக் கல் நட்டவர்கள் அரசரிடம் அனுமதி கேட்டு, யாரும் படிக்காத இடத்தில் அதை வைத்தார்களா? ஊர் நடுவே வைத்தார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது காத்திருந்து, மண்ணுக்குள் போய், மீண்டும் மேலே வந்து, மறுபடியும் ஊராரிடமே சேர்ந்தது. இடையில் நிற்பவர்கள் சற்று விலகி நின்றால் போதும்.